சோற்றுப் பானைக்குள் சியெத்தே

ஹெர்மி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எலி வளர்க்கிறவளுக்கு அக்காவாக இருப்பதில் எனக்கு ஒன்றும் பெருமை கிடையாது. ஆனால் மரிகினாவில், எங்கள் ஆற்றங்கரைத் தெருவில், இருபது வருஷமாக என் கால் நகத்தை வெட்டிச் சாயம் பூசுகிறவள் அவள். ஒருத்தியின் மடியில் காலை வைத்துக்கொண்டு அவளோடு சண்டை போட முடியாது. போட்டுப் பார்த்திருக்கிறேன், முடியாது.

ஹெர்மினியா என்பது முழுப்பெயர். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கத்தரி, அரம், பஞ்சு, சாயக் குப்பிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "இந்தத் தெருவுல இருக்கிற ஆம்பளைங்க கால் எல்லாத்தையும் பாத்துட்டேன்க்கா, ஒண்ணும் தேறல" என்பாள். கை மட்டும் நடுங்கவே நடுங்காது. சுண்டுவிரல் நகத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ வரைவாள், அதற்கு நடுவில் மகரந்தமும் வைப்பாள்.

எங்கள் ஊரில் எலியை எலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். "நல்லவங்க" என்போம். பேர் சொன்னால் கோபித்துக்கொண்டு இருக்கிறதிலேயே நல்ல துணியாகப் பார்த்துக் கடித்துவிடும் என்று பயம். "நேத்து நல்லவங்க வந்து என் பாவாடையத் தின்னுட்டாங்க" என்றுதான் புலம்புவோம். அந்தப் பேச்சை நிஜமாகவே நம்பி, அவர்களைக் கூப்பிட்டு வீட்டில் குடிவைத்தவள் ஹெர்மி ஒருத்திதான்.

அது ஆரம்பித்தது போன வருஷம் ஏப்ரலில். திருவிழாவுக்கு வந்த கேளிக்கைக்காரர்கள் தேவாலயத்துப் பக்கத்து மைதானத்தில் எலிச் சூதாட்டம் போட்டிருந்தார்கள். வட்டமான பெரிய மேஜை, ஓரத்தில் சுற்றிலும் எண் போட்ட பொந்துகள், நடுவில் கவிழ்த்த டப்பா. டப்பாவைத் தூக்கினால் எலி ஓடி ஏதாவது ஒரு பொந்துக்குள் நுழையும். அந்த எண்ணில் கட்டியவனுக்குப் பரிசு. தலையும் ஒரு காதும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று ஒரு பெண் எலி அங்கே இருந்தது. எத்தனை தடவை விட்டாலும் அது ஏழாம் பொந்துக்குத்தான் போகும். ஊருக்கு இது இரண்டே நாளில் தெரிந்துபோனது. எல்லோரும் ஏழில் கட்ட ஆரம்பித்ததும் மேஜைக்காரன் அதைப் பாம்பு வளர்க்கிறவனுக்குக் கொடுத்துவிடப் போனான். சீட்டு கிழிக்கிற பெண்ணுக்கு நகச்சாயம் போட்டுக்கொண்டிருந்த ஹெர்மி, கூலிக்குப் பதிலாக அந்த எலியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். சியெத்தே என்று பேர் வைத்தாள். ஏழு என்று அர்த்தம்.

மேஜைக்காரன் ஆணையும் பெண்ணையும் ஒரே தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அதன் பலன் என்ன என்று ஹெர்மிக்குத் தோன்றவே இல்லை. பத்தாம் நாள் காலையில் பஞ்சு இழுப்பறையைத் திறந்தவள், அலறிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, என் பஞ்சுக்குள்ள யார் விரலோ கிடக்குது!"

போய்ப் பார்த்தால் பதினொரு குட்டிகள். கண் இல்லை, முடி இல்லை. அவள் மாடியில் கால்நடை வைத்தியம் படிக்கிற ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். அவள் வந்துதான் பதற்றத்தை அடக்கினாள். தொடாதே, எட்டி எட்டிப் பார்க்காதே, சத்தம் போடாதே, தாய் மிரண்டால் தன் குட்டியைத் தானே தின்றுவிடும் என்றாள். குட்டியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தமாம். ஐந்தாவது வாரம் பையன்களைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா, தங்கை என்று பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். ஹெர்மி இதையெல்லாம் ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தாள். பால் ஊற முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு வைத்துக் கொடுத்தாள். "பெத்தவளுக்குப் பத்தியமாடி?" என்று கேட்டேன். "நீங்க பெத்தப்போ குடிக்கலையா?" என்றாள்.

பையன்களின் வால் நுனியில் கேக்குக்குப் போடுகிற ஊதா நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, பெண்களுக்குச் சிவப்புப் பொட்டு வைத்து, ஐந்தாம் வாரம் பிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தத்துக் கொடுத்தாள். வாங்க வந்தவர்களிடம் அவள் கேட்ட கேள்விகளைப் பெண் கொடுக்கிற வீட்டில்கூடக் கேட்க மாட்டார்கள். "வீட்டுல பாம்பு இருக்கா? பூனை? மாமியார் எப்படி?"

எதிர்வீட்டு லொய்டாவும் அப்போது ஒரு குட்டி எடுத்துக்கொண்டாள். அவள் மகளுக்கு ஞானத்தாய் ஹெர்மிதான். பெற்ற தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் "மாரே" என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூடப் பிறந்தவளிடம் கோபித்துக்கொள்ளலாம், மாரேயிடம் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். லொய்டா காலையில் கஞ்சி விற்பவள். ஹெர்மிக்கு முதல் கிண்ணம் இலவசம், லொய்டாவுக்கு நகச்சாயம் இலவசம். இரண்டு வீட்டுக் கதவும் நேருக்கு நேர் திறந்தே கிடக்கும்.

அந்தக் கதவு சாத்திக்கொண்டது போன ஆகஸ்டில். வெள்ளம் வந்தது. லொய்டாவின் புருஷன் நெஸ்டர், செனட்டர் என்று பேர் வைத்த தன் சண்டைச் சேவலை மீட்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனார். சேவலைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்ததை நானே பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் சுகாதார நிலையத்தில், எலிக்காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் நெஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினார். கண் மஞ்சளானது, மூத்திரம் நின்றது. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு லொய்டா "நல்லவங்க" என்று சொல்லவே இல்லை. வட்டார அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "எலி. இவ வீட்டு எலிதான் என் புருஷனைக் கொன்னுச்சு" என்றாள். முன்வரிசையில் ஒருத்தி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். சுகாதார நிலைய நர்ஸ் பொறுமையாக, கூண்டுக்குள் இருக்கிற எலியால் வெள்ளத் தண்ணீர் கெடாது, அது சாக்கடை எலிகளின் வேலை என்றாள். "அவர் மாத்திரை போட்டாருல்ல?" என்று கேட்டாள். "போட்டார்" என்றாள் லொய்டா. ஹெர்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வட்டாரத் தலைவரான கேப்டன் தீர்ப்புச் சொன்னார். இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு தடவை குட்டி போட்டால் எல்லாவற்றையும் அலுவலகத்து ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள். எடுத்துப் போய் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஹெர்மி தலையாட்டினாள்.

வரும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன?"

"என்னத்தக்கா சொல்றது" என்றாள். அவ்வளவுதான்.

லொய்டா தன்னிடமிருந்த குட்டியை ஒரு டப்பாவில் போட்டு ஹெர்மி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் ஹெர்மி வேறொரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்தாள். அதன் பிறகு பேச்சில்லை. ஒரு தடவை ஹெர்மி பழக்கதோஷத்தில் "மாரே" என்று கூப்பிட்டுவிட, "என்னை அப்படிக் கூப்பிடாத" என்று நடுத்தெருவில் கத்தினாள். மகள் பள்ளி முடித்த விருந்துக்கு என்னைக் கூப்பிட்டாள், ஞானத்தாயைக் கூப்பிடவில்லை. நான் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெர்மியிடம் ஒரு மாற்றம் மட்டும் கண்டேன். மழை மாதங்களில் யார் காலிலும் கத்தி வைக்க மாட்டேன் என்றாள். சாயம் பூசுவாள், அரத்தால் தேய்ப்பாள், ஆனால் நகக்கண் தோலை வெட்ட மாட்டாள். ஒரு கீறல் போதும், வெள்ளத் தண்ணீர் உள்ளே போக. வாடிக்கை பாதி போனது. நான்கூடச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

இந்த வருஷ ஜூலைக்குள் சியெத்தேக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. எலிக்கு அது கிழப்பருவம். முதுகில் முடி உதிர்ந்து, ஏணி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கும். கேப்டன் அனுமதித்த இன்னொன்று சார்ஜன்ட் என்கிற கிழட்டு ஆண் எலி. மாடி வீட்டுப் பெண் படிப்பை முடித்து ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. இரண்டும் வேறு வேறு கூண்டில் இருந்தன. சார்ஜன்ட்டின் கூண்டு துருப்பிடித்து அடி விட்டுப்போனது. புதுக்கூண்டு வருகிற வரைக்கும் இரண்டு வாரம் சேர்ந்து இருக்கட்டும், கிழவனும் கிழவியும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத்துணை என்று சியெத்தேயின் கூண்டில் விட்டாள். எலி விஷயத்தில் அத்தனை கேள்வி கேட்கிறவள், இந்த ஒன்றைக் கேட்க மறந்தாள்.

மழை பிடிக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நான் கெட்டேன்."

"எத்தனை மாசம்டி?"

"பதினாலு நாள்."

சிரித்தேன். அவள் சிரிக்காததால் நிறுத்தினேன். சியெத்தேயின் வயிறு இரண்டு பக்கமும் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். இருபத்திரண்டாம் நாள் பிறந்துவிடும். இன்னும் எட்டு நாள். இந்த வயதில் பெற்றால் பிழைப்பாளா தெரியாது. பிழைத்தால் கேப்டன் ஆள் அனுப்புவார். எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் கேப்டனுக்குத் தெரிய ஒரு நிமிஷம்.

"கிழவிதானேன்னு விட்டேன்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் சார்ஜன்ட்டைப் பிரித்தாள். பெற்ற அன்றைக்கே தாய் மறுபடி சேரத் தயாராகிவிடும், பக்கத்தில் ஆண் இருந்தால் மூன்று வாரத்தில் இன்னொரு ஈற்று என்பதால் அவன் இருக்கவே கூடாது. ஆந்திப்போலோ மலையில் இருக்கிற அவள் தங்கை, "ஆம்பளைன்னா கொண்டா, வயித்துப் புள்ளக்காரிய எல்லாம் இங்க கொண்டு வராத" என்றுவிட்டாள். கூண்டிலிருந்து ஏணியையும் மேல்தட்டையும் எடுத்தாள், கனத்த வயிற்றோடு விழுந்துவிடும் என்று. மூலையில் ஒரு மூடிய அட்டைப்பெட்டியில் ஒரு வாசல் வெட்டி, மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். சியெத்தே அதை ஒவ்வொரு துண்டாக வாயில் கவ்விக்கொண்டு போய்க் கூடு கட்டியது. தினமும் வேகவைத்த முட்டை கொடுத்தாள். ஜன்னலில் போர்வை தொங்கவிட்டாள். இத்தனை ஏற்பாட்டையும் பார்த்து, எலிக்குப் போய் இவ்வளவா என்று அலுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் போய்ப் பார்த்தேன்.

பிறக்க வேண்டிய நாள் வியாழக்கிழமை. திங்கள் முதல் விடாமல் மழை. புதன்கிழமை மத்தியானம் ஆற்றங்கரைச் சங்கு இரண்டாவது தடவை ஊதியது.

வீட்டை விட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். நான் வட்டாரத் தொண்டர். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, வருகிறவர்களின் பேரை எழுதுவது என் வேலை. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் "விலங்குகளுக்கு உள்ளே அனுமதி இல்லை" என்று நானே எழுதி ஒட்டிய அட்டை. நாய்களை வெளிக்கொட்டகையில் கட்டச் சொல்லிவிட்டோம். சேவல்காரர்கள் ஏற்கனவே என்னோடு சண்டை போட்டு முடித்திருந்தார்கள்.

ஹெர்மி நனைந்துகொண்டு வந்தாள். ஒரு கையில் நகப்பெட்டி. இன்னொரு கையில், துண்டு சுற்றிய அலுமினியச் சோற்றுப் பானை. பின்னால் நின்றவள், "சோறா? ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"வெந்துக்கிட்டிருக்கு" என்றாள் ஹெர்மி.

துண்டு விலகிய இடத்தில் பானை மூடியைச் சுற்றி ஆணியால் அடித்த பொத்தல்கள் தெரிந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. என் பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், கெஞ்சக்கூட இல்லை. நான் எழுதினேன். ஹெர்மினியா. ஆள் ஒன்று. பானை ஒன்று.

முந்நூறு பேர். கூடாரத்துக்குக் கூடாரம் குழந்தை அழுகை, ஒலிபெருக்கியில் அறிவிப்பு, எவனோ பந்து தட்டிக்கொண்டே இருந்தான். வியாழன் காலையில் ஹெர்மி என் மேஜைக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"கூட்டைக் கட்டுறா, கலைக்கிறா, கட்டுறா, கலைக்கிறா. இன்னிக்கு ஆயிடும்க்கா. இந்தச் சத்தத்துல பெத்தா தின்னுடுவா."

கதவு வைத்த அமைதியான இடம் மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை மட்டும்தான். அதில் நிவாரண அரிசி இருந்தது. அதன் சாவி, சமையலைக் கவனித்துக்கொண்ட லொய்டாவின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

பதிவேடு வைக்க வேண்டும் என்று பொய் சொல்லிச் சாவி கேட்டேன். லொய்டா கஞ்சி கிளறுவதை நிறுத்தாமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கயிற்றைக் கழற்றிக் கொடுத்தாள். எலிக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் எலிக்காகச் சாவி வாங்கினேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஊரே தின்கிற அரிசி பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. தோன்றியும் பழைய மேடைத் திரைக்குப் பின்னால் பானையை வைத்துவிட்டு, பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லாம் யோசித்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை யோசிக்கவில்லை. சமையல்காரி சாமான் அறைக்குள் எதைத் தேடிப் போவாள்? பானையைத்தான்.

பத்து மணிக்கு மேல்தெருவிலிருந்து நாற்பது பேர் புதிதாக வந்தார்கள். இருந்த கஞ்சி போதவில்லை. ஹெர்மி தன் கூடாரத்தில், பொழுது போகாத பெண்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "தோலை வெட்டிவிடேன்" என்று ஒருத்தி நச்சரிக்க, "தண்ணி வடியட்டும்" என்று மறுத்துக்கொண்டிருந்தாள். லொய்டா கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போவதை என் மேஜையிலிருந்து பார்த்தேன். ஓர் அலறலுக்காகக் காத்திருந்தேன். அலறல் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழுந்து ஓடினேன்.

லொய்டா ஓர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பானை மூடி. மேல்சுவர் ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தில் பானைக்குள் சியெத்தே நீட்டிப் படுத்திருந்தது. வயிறு இறுகி இறுகித் தளர்ந்தது.

"லொய்டா…"

"சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தாள். "நாலு ஆச்சு. அஞ்சாவது சிக்கிக்கிச்சு போல."

நான் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"அவளோடதுதானே? அந்தக் கறுப்புக் காது எனக்குத் தெரியாதா."

"எம்மேலயும் தப்பு லொய்டா. நான்தான் இங்க…"

"நெஸ்டர் மாத்திரை போடலக்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பானையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"செனட்டருக்கு நெஞ்சு கட்டி மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பந்தயம். 'எனக்கென்ன ஆகப்போவுது, அவனுக்குப் போடு'ன்னார். நான்தான் மாத்திரையப் பிரிச்சேன். அது கொத்துது, வாயத் திறக்கவே மாட்டேங்குது. அன்னிக்கு ஹெர்மி எனக்கு நகம் வெட்ட வந்திருந்தா. அவதான் அலகைத் திறந்து பிடிச்சா. அவ கைதான் நடுங்காதே."

வெளியே யாரோ ஒலிபெருக்கியில் ஒரு குழந்தையின் பேரைக் கூப்பிட்டார்கள்.

"சேவல் அந்த ஞாயிறு ஜெயிச்சுதுக்கா. இவர் அதுக்கடுத்த வாரம் படுத்தார். மீட்டிங்ல அந்த நர்ஸ் கேட்டப்போ, ஹெர்மி சொல்லிடுவா, நான் அங்கயே செத்தேன்னு நினைச்சேன். சொல்லல. ஒரு வருஷமா சொல்லல. திட்டினேன், தெருவுல வச்சு அசிங்கப்படுத்தினேன், அப்பவும் சொல்லல. அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அந்தச் சேவல் வாய்தான் தெரிஞ்சுது. அதான் எலி எலின்னு கத்தினேன்."

வாயில் கொழுக்கட்டையா என்று ஹெர்மியைக் கேட்டவள் நான்.

லொய்டா மூடியைப் பாதி மூடி வைத்துவிட்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். குரல் பழையபடி சமையல்கார அதிகாரத்துக்கு வந்துவிட்டது.

"அரிசி வெளிய போகணும்."

"என்ன?"

"அரிசியும் இவளும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. புடிங்க அந்தப் பக்கம். ஆள் கூப்பிட வேண்டாம், மிரண்டுடுவா."

ஏழு மூட்டை. நானும் அவளும் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக மேடைமேல் இழுத்துப் போட்டோம். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்றுவரை என்னை விடவில்லை. கடைசி மூட்டை போடும்போது ஹெர்மி ஓடி வந்தாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். லொய்டாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். லொய்டா அவளைப் பார்க்காமல் கதவுப்பக்கம் கையைக் காட்டினாள். ஹெர்மி உள்ளே போனாள். லொய்டா கதவைச் சாத்திவிட்டு, அதன் குறுக்கே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். அரிசி ஏன் வெளியே கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "உள்ள ஓதம்" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் ஏழு பிறந்தன. ஐந்தாவதும் ஏழாவதும் செத்துப் பிறந்தன. சியெத்தே குட்டிகளை அணைக்கக்கூட எழாமல் கிடந்தது. ஹெர்மி பூ வரைகிற தூரிகையை வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு குட்டியாகத் துடைத்து, தாயின் வயிற்றடியில் கொண்டுபோய் வைத்தாள். லொய்டா ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். கஞ்சி, மேலே முட்டை மஞ்சள்கரு, கொஞ்சம் முருங்கைக்கீரை.

"ஹெர்மிக்கு."

"அவதான் முட்டை தொட மாட்டாளே."

"தெரியும். கொண்டு போங்க."

சாயங்காலம் நான்கு குட்டிகளின் வயிற்றில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. எண்ணிப் பார்த்து வந்து சொன்னேன். லொய்டா தலையாட்டினாள். பட்டை தெரியாத மற்ற ஒரு குட்டி, மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனது.

சியெத்தே பிழைத்தாளா என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்ல எனக்கு மனசில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது செத்துப்போனாள். மாடி வீட்டுப் பெண்ணின் தோழியிடம் அதே வாரம் குட்டி போட்ட இன்னொரு தாய் இருந்தது. அந்தத் தாயின் கூட்டுக் காகிதத்தில் நாலு குட்டிகளையும் புரட்டி, அந்த வாசனை ஏற்றி, அதனிடம் விட்டார்கள். அது சேர்த்துக்கொண்டது.

ஆனால் வெள்ளிக்கிழமை அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை டப்பாவோடு வந்தாள். தண்ணீரில் நடந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு. போன வருஷத்து அதே மாத்திரை. வாங்கினவர்கள் பாதிப்பேர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சோறு தின்றுவிட்டுப் போடுகிறேன் என்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். சேவல்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

லொய்டாவும் கண்டாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் குவளையுமாக நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "இங்கயே போடு. என் முன்னாடி முழுங்கு." அவளே முதலில் போட்டுக் காட்டினாள். சேவல்காரர்கள் முனகிக்கொண்டே முழுங்கினார்கள். என்னையும் விடவில்லை. நான் வட்டாரத் தொண்டர் என்று சொல்லிப் பார்த்தேன், "வாயத் திறங்கக்கா" என்றாள்.

கடைசியில் சாமான் அறையிலிருந்து ஹெர்மி வந்தாள். தூக்கமில்லாத முகம். மாத்திரையை வாங்கினாள், தலை குனிந்தபடியே திரும்பினாள், இரண்டையும் பாவாடை முடிச்சில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு உறைக்கவில்லை. லொய்டாவுக்கு உறைத்தது. ஒரே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை எதுக்கு முடியற?"

ஹெர்மி மறுகையால் முடிச்சைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"அவளுக்கு உள்ள ஒண்ணு தங்கிடுச்சு போல. நாத்தம் வருது, உடம்பு கொதிக்குது" என்றாள் ஹெர்மி மெதுவாக. "எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் அவ்வளவா தண்ணில இறங்கல."

லொய்டாவின் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். முடிச்சை அவளே அவிழ்த்தாள். மாத்திரையை எடுத்தாள். இன்னொரு கையால் ஹெர்மியின் தாடையைப் பிடித்தாள். விரல் கன்னத்தில் அழுந்தியது.

"வாயத் திற."

"அவ செத்துடுவா, மாரே."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். லொய்டா அதைத் தடுக்கவில்லை. அவள் கைதான் நடுங்கியது, பிடி விடவில்லை.

"சாகட்டும். நீ முழுங்கு."

ஹெர்மி வாயைத் திறந்தாள். லொய்டா மாத்திரையை நாக்கில் வைத்து, குவளையைச் சாய்த்து, தொண்டை ஏறி இறங்குகிறவரை தாடையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்மியின் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் லொய்டாவின் விரல்மேல் இறங்கியது.

"நாக்கத் தூக்கு" என்றாள். பார்த்தாள். "சரி. இன்னொண்ணு இருக்கு. திற."